பழைய டிரெய்லரில் சாம்பல் நீர்: தொட்டி கட்டுவது முதல் வெளியேற்றுவது வரை முழுமையான வழிகாட்டி

காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று தங்கும் பழைய பயண டிரெய்லர் ஒன்றை வாங்குபவர்கள் கூரை ஒழுகுகிறதா, தரைப்பலகை உளுத்திருக்கிறதா, டயருக்கு எத்தனை வயது என்றெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் எங்கே போகின்றன என்ற கேள்வி, வண்டியில் முதல் இரவு தங்கிய பிறகே எழுகிறது. அமெரிக்காவில் 1950களிலும் 1960களிலும் கட்டப்பட்ட பல டிரெய்லர்களில் இதற்கென்று தொட்டியே கிடையாது. சிங்க்கின் குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, ஒரு ஹோஸ் வழியாக முகாமின் சாக்கடை இணைப்பிலோ வெறும் மண்ணிலோ தண்ணீரை விட்டுவிடும். பிரிட்டிஷ் கேரவன்களில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்க்கு அடியில், உருட்டிச் செல்லக்கூடிய ஒரு கேனை வைப்பது வழக்கம். எங்களிடம் இருப்பது, 1970களின் இறுதியில் ஒரு சாலைப்பணி முகாமுக்காக உள்ளூர்ப் பட்டறையில் அலுமினியத் தகடு போர்த்திக் கட்டப்பட்ட 14 அடி டிரெய்லர். அதிலும் தரையில் ஓர் ஓட்டை மட்டுமே இருந்தது.

சமையலறை சிங்க், வாஷ்பேசின், நின்று குளிக்கும் தாழ்வான குளியல் தட்டு ஆகியவற்றிலிருந்து வரும் நீரையே சாம்பல் நீர் என்கிறோம். கழிப்பறை நீர் இதில் சேராது. அதற்குத் தனித் தொட்டியும் தனிக் குழாயும் வேண்டும். இடம் மிச்சமாகும் என்று இரண்டையும் ஒரே தொட்டியில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். சாம்பல் நீரில் எண்ணெய், சோற்றுப் பருக்கை, சோப்பு, தலைமுடி எல்லாம் கலந்திருக்கின்றன. இருட்டான, மூடிய தொட்டியில் அது ஒரு நாள் கிடந்தால், கரைந்திருந்த ஆக்ஸிஜன் தீர்ந்து, காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் பெருகி, ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். இந்த வேலையில் பாதியைப் பட்டறையில் முடிக்கலாம். மறுபாதி, சாப்பிட்ட தட்டு சிங்க்குக்குப் போவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும் என்பது நான்கு ஆண்டு அனுபவத்தில் நான் உறுதியாக நம்புவது.

பெங்களூருவில் இருந்துகொண்டு இதைச் செய்பவர்கள் நிலத்தின் சாய்வையும் அறிந்திருக்க வேண்டும். இந்த நகரம் ஒரு மேட்டின் மேல் அமர்ந்திருக்கிறது. கிழக்கே கோரமங்கலா–செல்லகட்டா பள்ளத்தாக்கில் விழும் நீர் பெல்லந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும் போய், தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மேற்கே விழும் நீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், சங்கமத்தில் காவிரிக்கும் போகிறது. பெல்லந்தூரிலும் கெலவரப்பள்ளியிலும் மலை போல் எழும்பும் நுரையைச் செய்திப் படங்களில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். எந்தப் பக்கம் சாய்த்தாலும் நாம் ஊற்றும் சோப்புத் தண்ணீர் கீழே தமிழ்நாட்டு வயலுக்குத்தான் போய்ச் சேர்கிறது. சாலையோரக் கால்வாயில் ஒரு வாளி ஊற்றினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த வழியைத்தான் விரலால் வரைந்து காட்டுவேன்.

முதல் படி: வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

ஏதும் வாங்குவதற்கு முன், ஒரு பாயை விரித்து, டார்ச்சுடன் வண்டிக்கு அடியில் படுத்து, எந்தக் குழாய் எங்கிருந்து வந்து எங்கே முடிகிறது என்பதைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். வண்டி ஜாக்கில் மட்டும் நிற்கும்போது அடியில் போகக் கூடாது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நான்கு ஸ்டாண்டுகளில் உறுதியாக நிறுத்திய பிறகே போக வேண்டும். மேலே ஒருவர் ஒவ்வோர் இடமாக அரை வாளித் தண்ணீர் ஊற்ற, கீழே நீங்கள் பார்த்தால், பழைய கால உரிமையாளர்கள் செய்த ஒட்டுவேலைகள் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். எங்கள் வண்டியில் வாஷ்பேசின் குழாய், வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸின் உள்பக்கமே முடிந்திருந்தது. பல ஆண்டுகளாக அந்தத் தண்ணீர் இரும்பின் மேலேயே வழிந்து, ஒரு குறுக்குச் சட்டத்தை அப்பளம் போல் ஆக்கியிருந்தது. அப்படித் துருப்பிடித்த இடம் எதுவாக இருந்தாலும் அதை வெட்டி வெல்டு செய்த பிறகுதான் தொட்டியைப் பற்றி யோசிக்க வேண்டும், ஏனெனில் தொட்டியின் பாரம் முழுவதும் அந்தச் சட்டங்களில்தான் தொங்கப் போகிறது.

இரண்டாம் படி: உங்கள் தண்ணீரை அளந்து பாருங்கள்

தொட்டியின் அளவை இணையத்தில் தேடாதீர்கள். வீட்டிலேயே இரண்டு நாள் வாளிக் கணக்கில் வாழ்ந்து பாருங்கள். எங்கள் இருவருக்கும், அரை வாளியில் சொம்பால் மொண்டு குளிப்பதாக வைத்துக்கொண்டால், குளியலுக்கு 20 லிட்டர், பாத்திரத்துக்கு 12 லிட்டர், பல் துலக்க, முகம் கழுவ, கை கழுவ 6 லிட்டர் என்று நாளுக்கு 38 லிட்டர் ஆகிறது. ஷவரைத் திறந்துவிட்டால் இந்தக் கணக்கு நிற்காது. சாதாரணக் கைஷவர் கூட நிமிடத்துக்கு 6 முதல் 10 லிட்டர் வரை இறைக்கும்.

நல்ல நீர்த் தொட்டியில் இருப்பதில் குடிக்கவும் சமைக்கவும் போக மிச்சம் அத்தனையும் சாம்பல் நீராக மாறும் என்பதே அடிப்படை. ஆகவே 75 லிட்டர் நல்ல நீர் ஏற்றினால், கீழே 60 லிட்டருக்காவது இடம் இருக்க வேண்டும். இந்தச் சின்னக் கணக்கை நாங்கள் முதலில் போடவில்லை. கிருஷ்ணகிரிக்கு அருகே நண்பரின் மாந்தோப்பில் தங்கிய முதல் பயணத்தில், மேலே 75 லிட்டர் இருக்க, கீழே 40 லிட்டர் கேனைத்தான் இணைத்திருந்தோம். இரண்டாம் நாள் இரவு என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, குளியல் தட்டின் ஜாலியிலிருந்து குளுக் குளுக் என்று சத்தம் வந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், தட்டில் நான்கு விரல் ஆழத்துக்குச் சாம்பார்த் தண்ணீர் நிற்கிறது. மேலே மஞ்சள் எண்ணெய்ப் படலம், அதில் இரண்டு கறிவேப்பிலை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. வண்டிக்குள் மிகத் தாழ்வான வாய் குளியல் தட்டுதான் என்பதால், தொட்டி நிரம்பியதும் நீர் அங்கேதான் மேலேறி வரும். அன்று இரவு முழுக்க டம்ளரால் மொண்டு வாளியில் ஊற்றினோம். அதன் பின்புதான் 60 லிட்டர்த் தொட்டி வந்தது.

மூன்றாம் படி: தொட்டியும் அதன் இடமும்

90 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 15 உயரம் கொண்ட ஒரு பெட்டி ஏறத்தாழ 60 லிட்டர் கொள்ளும். பழைய டிரெய்லர்களின் தரைக்கும் சாலைக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளிக்கு இந்தத் தட்டையான வடிவமே பொருந்தும். சேஸிஸின் கீழ்விளிம்பைவிடத் தாழ்வாகத் தொட்டி இறங்கக் கூடாது. நம் வேகத்தடைகளில் முதலில் அடிபடுவது அதுவாகத்தான் இருக்கும். தடிமனான எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் தொட்டி துருப்பிடிக்காது, குறைந்த எடை, பழுது பார்ப்பதும் எளிது. அளவு சரியாக அமையாவிட்டால், பீன்யா பக்கம் துருப்பிடிக்கா எஃகில் சொன்ன அளவுக்கு வெல்டு செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் இருக்கின்றன. சாதாரண இரும்புத் தகட்டில் மட்டும் செய்யாதீர்கள். எத்தனை பெயின்ட் அடித்தாலும் உள்ளிருந்து அரிக்கும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 60 லிட்டர் என்றால் ஓர் ஆளை வண்டிக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். அந்த ஆள் எங்கே தொங்குகிறார் என்பது வண்டி சாலையில் எப்படி ஓடும் என்பதைத் தீர்மானிக்கிறது. டிரெய்லரைக் காரோடு மாட்டும் கொக்கியின் மீது விழும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். பிரிட்டனில் 5 முதல் 7 சதவீதம் போதும் என்பார்கள். சக்கரங்களைத் தாங்கும் அச்சான ஆக்ஸிலுக்குப் பின்னால் தொட்டியை வைத்தால், அது நிரம்ப நிரம்பக் கொக்கியின் எடை குறைந்து, வேகம் பிடிக்கும்போது டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஆகவே ஆக்ஸிலுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னே வையுங்கள். எங்கே வைத்தாலும், காலித் தொட்டியோடு கிளம்புவதே பாதுகாப்பு. பாதி நிரம்பிய தொட்டியில் நீர் அலைமோதுவது பிரேக் பிடிக்கும்போது நன்றாகவே தெரியும்.

தொட்டியை 25 மில்லிமீட்டர் அகல இரும்புப் பட்டைகளில், இடையே ரப்பர் பட்டை கொடுத்துத் தாங்க வேண்டும். பிளாஸ்டிக்கில் போல்ட் போட்டுத் தொங்கவிட்டால் ஒரு வருடத்தில் அந்த ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும். வெளியேறும் வாய் இருக்கும் மூலையை விரற்கடை அளவு தாழ்த்தியே பட்டைகளை இறுக்குங்கள். மட்டமாகக் கட்டினால் அடியில் எப்போதும் இரண்டு மூன்று லிட்டர் கசடு தங்கிவிடும். நாற்றத்தின் பெரும்பகுதி அந்தக் கடைசி இரண்டு லிட்டரிலிருந்துதான் வருகிறது. கை நுழையும் அளவுக்கு மூடியுள்ள ஒரு துவாரம் பக்கவாட்டில் இருந்தால், பின்னாளில் என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

நான்காம் படி: குழாய்களும் சரிவும்

குழாய் ஒவ்வொரு மீட்டருக்கும் 2 சென்டிமீட்டர் சரிய வேண்டும். இதைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது. வண்டியை ரசமட்டம் வைத்து எல்லாப் பக்கமும் சமமாக நிறுத்தி, பின்பு குழாயின் மேல் ரசமட்டத்தை வைத்து ஒவ்வொரு கிளாம்பாகப் பொருத்துங்கள். தொண்ணூறு டிகிரி எல்போவை முடிந்தவரை தவிர்த்து, இரண்டு நாற்பத்தைந்து டிகிரி பெண்டுகளைப் போடுங்கள். எண்ணெய் படிந்து அடைப்பது எப்போதும் அந்தத் திருப்பத்தில்தான்.

வெளிநாட்டு டிரெய்லர் வைத்திருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க வண்டிகளில் ஒன்றரை அங்குலம் என்று சொல்லப்படும் குழாயின் வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர், நம் கடைகளில் சாக்கடை வேலைக்கென்று கொடுக்கும் 40 அல்லது 50 மில்லிமீட்டர் குழாயில் அது சேராது. நல்ல நீர்க் குழாய்க்கான ஒன்றரை அங்குல யு.பி.வி.சி. குழாய் அதே வெளிவிட்டத்தில் கிடைக்கிறது. பழைய வண்டியில் ஏ.பி.எஸ். என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்கில் செய்த கறுப்பு நிறக் குழாய் இருந்தால், அதைச் சாதாரண பி.வி.சி. சால்வென்ட்டால் ஒட்டாதீர்கள், பிடித்த மாதிரி இருந்து, குண்டும் குழியுமான சாலையில் விட்டுவிடும். ரப்பர் கப்ளிங்கை மாட்டி இரண்டு ஹோஸ் கிளிப்பால் இறுக்குவதே நம்பகமான வழி. அது அதிர்வையும் தாங்கும்.

ஐந்தாம் படி: ட்ராப்பும் காற்றுக் குழாயும்

ஒவ்வொரு வாய்க்கும் அடியில் வளைந்த ட்ராப் வேண்டும். அதில் தங்கும் நீர்தான் தொட்டியின் நாற்றத்தை வண்டிக்குள் வராமல் தடுக்கிறது. சிங்க்குக்குப் பாட்டில் ட்ராப் போதும். குளியல் தட்டுக்கு அடியில் இடம் போதாது என்பதால், ரப்பர் நாக்கு கொண்டு மூடிக்கொள்ளும் நீரில்லா ட்ராப் வகை ஒன்றைப் போட்டால் உயரம் மிச்சமாகும்.

காற்றுக் குழாய் என்பது பலர் தேவையில்லை என்று விட்டுவிடும் பகுதி. நான் சந்தித்த நாற்றப் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு அது இல்லாததே காரணமாக இருந்தது. தொட்டிக்குள் நீர் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும். வழியில்லாவிட்டால் அது ட்ராப்பைக் குமிழியிட்டு உடைத்துக்கொண்டு வரும். தொட்டியை வேகமாகக் காலி செய்யும்போது எதிர்மாறாக, ட்ராப்பில் நிற்கும் நீரையே உறிஞ்சி இழுத்துவிடும். பிறகு நாற்றத்துக்கும் உங்கள் படுக்கைக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது. தொட்டியின் மேல்முனையிலிருந்து ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்றை அலமாரியின் உள்மூலை வழியாகக் கூரைக்கு மேலே கொண்டுபோய், மழை விழாத தொப்பியும், கொசுவலைத் துண்டும் போடுங்கள். வலை அவசியம். க்யூலெக்ஸ் வகைக் கொசு அழுக்கு நீரைத் தேடித்தான் முட்டையிடும். வலையில்லாத காற்றுக் குழாய் அதற்குத் திறந்த வாசல். பழைய அலுமினியக் கூரையைத் துளைக்க மனம் வராதவர்கள் பக்கச் சுவர் வழியாகவும் கொண்டுபோகலாம், ஆனால் ஜன்னலிலிருந்து தள்ளி.

ஆறாம் படி: வால்வும் சோதனையும்

தொட்டியின் தாழ்ந்த மூலையில் முழுத் துளையுள்ள ஒன்றரை அங்குல வால்வு வேண்டும். தொட்டிச் சுவரில் மாட்டும் திருகு இணைப்பான டேங்க் நிப்பிளை உள்ளும் புறமும் ரப்பர் வாஷர் வைத்துப் பொருத்தி, திருகு மரையில் டெஃப்லான் டேப் சுற்றி, வால்வை மாட்டுங்கள். வால்வுக்கு அப்பால் ஒரு மூடி கட்டாயம். வால்வு கசிந்தாலும் ஓடும் வண்டியிலிருந்து சாலையில் சொட்டாமல் காப்பது அந்த மூடிதான்.

எல்லாம் முடிந்ததும் தொட்டியை நிரப்பி, துணிக்குப் போடும் நீலத்தைச் சில துளி விட்டு, அடியில் செய்தித்தாளை விரித்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாளில் நீலப் புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே கசிவு. பின்பு அதே நீரோடு வீட்டைச் சுற்றி மெதுவாகச் சில கிலோமீட்டர் ஓட்டி வந்து மறுபடியும் பாருங்கள். நின்ற இடத்தில் கசியாத இணைப்பு ஓட்டத்தில் கசியும்.

தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் கருவிகளில், தொட்டிக்குள் நீளும் கம்பி வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். சில வாரங்களில் கம்பியில் எண்ணெய் படிந்து, காலித் தொட்டியையும் நிரம்பியதாகவே காட்டும். நல்ல நீர்த் தொட்டியில் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தாலே போதும்.

ஏழாம் படி: அடுக்களையில் செய்ய வேண்டியது

இங்கேதான் நான் அதிகம் வற்புறுத்துவேன், ஏனெனில் இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் நம் சமையலை அறியாமல் எழுதப்பட்டவை. அவர்கள் ரொட்டித் துண்டையும் காபியையும் பற்றிப் பேசுகிறார்கள். நம் தட்டில் நெய்யும் நல்லெண்ணெயும் சாம்பாரும் பருக்கையும் இருக்கின்றன. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். பெங்களூருவின் டிசம்பர் இரவுகள் 15, 16 டிகிரிக்கு இறங்குகின்றன. அவியல் செய்த வாணலியை வெந்நீரில் கழுவினால், எண்ணெய் உருகிக் குழாய்க்குள் ஓடி, வண்டிக்கு அடியில் குளிர்ந்த பகுதியில் மெழுகு போல் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் பருக்கை அதில் ஒட்டும். அதற்கு மறுநாள் தலைமுடி. எங்கள் குழாயை ஒரு ஜனவரியில் கழற்றியபோது, ஒன்றரை அங்குலத் துளையில் சுண்டுவிரல் நுழையும் வழிதான் மிஞ்சியிருந்தது.

ஆகவே தட்டையும் வாணலியையும் கழுவுவதற்கு முன் துடையுங்கள். பழைய செய்தித்தாள், வாழையிலைத் துண்டு, மேலே கொஞ்சம் கடலை மாவு தூவிய காகிதம், எதுவாக இருந்தாலும் சரி. முடிந்தால் இலையிலேயே சாப்பிடுங்கள். பயணத்தில் அதைவிட நல்ல தட்டு இல்லை. சிங்க்கின் வாயில் நுண்ணிய எஃகு வலை போட்டு, ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் தட்டி எடுங்கள். தொட்டிக்குள் நுழையும் குழாயின் முனையில் பழைய நைலான் காலுறை ஒன்றைக் கட்டி, வாரம் ஒருமுறை மாற்றுவது, கேட்க அற்பமாக இருந்தாலும், பலன் பெரிது.

அரிசி களைந்த நீரைத் தொட்டியில் விடவே விடாதீர்கள். என் பாட்டி வீட்டில் கொல்லைப்புறக் கதவருகே ஒரு கழுநீர்ப் பானை இருக்கும். அரிசி கழுவிய நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல் எல்லாம் அதில் சேர்ந்து, சாயங்காலம் மாட்டுக்குப் போகும். மாவுச்சத்து மிகுந்த அந்த நீர் தொட்டிக்குள் போனால் மற்ற எதையும்விட வேகமாகப் புளித்து நாறும். டிரெய்லரின் படிக்கட்டருகே மூடியுள்ள ஒரு சின்ன வாளியை வைத்து, கழுநீரை அதில் சேர்த்து, தங்கும் இடத்தில் மாட்டுக்கோ மரத்துக்கோ கொடுத்துவிடுங்கள். எங்கள் தொட்டியின் நாற்றம் பாதியாகக் குறைந்தது இந்த ஒரு வாளியால்தான்.

சோப்பைப் பொறுத்தவரை, குறைவாகப் பயன்படுத்துவதே முதல் விதி. சீயக்காய், பூந்திக்கொட்டை இயற்கையானவை என்பதால் எங்கே வேண்டுமானாலும் ஊற்றலாம் என்ற எண்ணம் தவறு. பூந்திக்கொட்டையில் நுரை தரும் சபோனின் மீன்களுக்கு நஞ்சு. சீயக்காய்த் தூளோ தொட்டியின் அடியில் சேறாகப் படியும். வடிகட்டிய சாற்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

எட்டாம் படி: காலி செய்வது

வால்வை மூடியே வைத்திருந்து, தொட்டி முக்கால் நிரம்பியதும் ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். திறந்தே வைத்திருந்தால் நீர் மெல்ல வடிந்து, கசடு மட்டும் உள்ளே தங்கி இறுகும். 24 மணி நேரத்தில் முக்கால் நிரம்பாவிட்டாலும் காலி செய்துவிடுங்கள். கழிப்பறைத் தொட்டியும் உள்ளவர்கள் அதை முதலில் காலி செய்து, சாம்பல் நீரை அதன் பின் விட்டால், ஹோஸ் தானாகக் கழுவப்படும். கையுறை போட மறக்க வேண்டாம்.

வீட்டுக்குத் திரும்பியதும், பாதாளச் சாக்கடையோடு இணைந்த உங்கள் வீட்டு இன்ஸ்பெக்ஷன் சேம்பரில், அதாவது மூடியுள்ள சாக்கடைக் குழியில், விடுவதே சரி. சாலையோரம் சிமென்ட் பலகை மூடிய கால்வாய் மழைநீருக்கானது. அது ராஜகால்வாய் என்ற பெரிய மழைநீர் ஓடை வழியாக நேரே ஏரிக்குப் போகிறது. கழிவை நீர்நிலைகளில் விடுவதை 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தடை செய்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள், சங்கத்திடம் சொல்லி அனுமதி பெற்ற பின்பே விட வேண்டும். அவர்களின் சுத்திகரிப்பு நிலையம் பாக்டீரியாக்களை நம்பி இயங்குவது, ஆகவே பிளீச்சிங் கலந்த நீரை அங்கே விடுவது முறையல்ல.

பயணத்தில் இருக்கும்போது, தோட்டக்காரரின் அனுமதியோடு வாழை அடியில் விடலாம். இதை எப்படிச் செய்வது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கிணறு, ஏரி, ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டராவது தள்ளி, வாழைத் தூரிலிருந்து ஒரு முழம் விலகி, ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். அதைக் காய்ந்த இலை, தேங்காய் மட்டை, வைக்கோல் கொண்டு நிரப்புங்கள். ஒரே குழியில் 60 லிட்டரையும் கொட்டாமல், மூன்று குழிகளில் 20 லிட்டராகப் பிரித்து, மெதுவாக ஊற்றுங்கள். நீர் மேலே தேங்காமல் இலைக்குள் மறைய வேண்டும். கோலார், கிருஷ்ணகிரிப் பக்கத்துச் செம்மண் நன்றாக உறிஞ்சும். களிமண் நிலத்தில் பாதியளவே இறங்கும். வேலை முடிந்ததும் இலையால் மூடிவிடுங்கள். வாழை, சேம்பு, கல்வாழை ஆகியவை இந்த நீரை விரும்பி எடுத்துக்கொள்ளும். கீரை, வெங்காயம், முள்ளங்கி போன்று பச்சையாகவோ வேரோடோ உண்ணும் பயிர்களுக்கு விடக் கூடாது. துணி துவைத்த நீரில் சோடியம் அதிகம் என்பதால், அதை ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விட்டால் மண் இறுகிவிடும். காட்டுப் பகுதியில் எங்கேயும் விடாதீர்கள். மூடியைத் திருகி, திரும்பக் கொண்டுவாருங்கள்.

ஒன்பதாம் படி: கழுவுவதும் நிறுத்தி வைப்பதும்

ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும், தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு வெதுவெதுப்பான நீரும் ஒரு கைப்பிடி சமையல் சோடாவும் போட்டு, 15 கிலோமீட்டர் ஓட்டி வந்து காலி செய்யுங்கள். கொதிநீர் வேண்டாம், 60 டிகிரிக்கு மேல் பி.வி.சி. தளரும். 2024 கோடையில் குடிநீரால் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கலாம். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏற்றி வரப்படும் காவிரி நீரைச் சாக்கடைத் தொட்டி கழுவப் பயன்படுத்த எனக்கு மனம் வராது. மழைநீர்த் தொட்டியில் இருப்பதோ, வாஷிங் மெஷினின் கடைசி அலசல் நீரோ இதற்குப் போதும்.

போர்வெல் நீரில் ஓடும் வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. கடின நீரிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து, தயிர் போன்ற வெள்ளைப் படிவாகத் தொட்டியின் சுவரில் ஒட்டும். சோடாவுக்கு அது கரையாது. ஆண்டுக்கு இருமுறை, பத்து லிட்டர் நீரில் 200 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஊற்றி, ஓர் இரவு வைத்துக் கழுவுங்கள். அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்காதீர்கள், ஒன்றன்பின் ஒன்றாகக்கூட ஒரே நாளில் ஊற்றாதீர்கள். எழும் குளோரின் வாயு, அடைபட்ட சிறிய வண்டிக்குள் உயிருக்கே ஆபத்து.

பல மாதம் வண்டியை நிறுத்துவதாக இருந்தால், தொட்டியை வடித்து, வால்வைத் திறந்து, மூடியின் இடத்தில் கொசுவலையை ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். ட்ராப்பில் நிற்கும் நீர் கோடையில் வற்றிவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினை ஒரு மேசைக்கரண்டி ஊற்றினால், அது மேலே மிதந்து ஆவியாதலைத் தடுக்கும். தேங்காய் எண்ணெய் ஊற்ற வேண்டாம், அது உறையும், பின்பு சிக்கு வாடை அடிக்கும். கடைசியாக ஓர் அட்டையில் ‘வால்வு திறந்திருக்கிறது’ என்று எழுதி, சமையலறைக் குழாயின் கழுத்திலேயே நூலால் கட்டுங்கள். அடுத்த பயணத்தின் முதல் டம்ளர் தண்ணீரைப் பிடிக்கப் போகிறவர் அதைத் தொடாமல் குழாயைத் திறக்க முடியாது.